மேசைமேல் ஓடும் மரண இரயில்

ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஓர் ஒட்டுப்பலகை. அதன்மேல் தக்கைத் தாள் ஒட்டப்படுகிறது. தக்கையின்மேல் ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளியில் இரட்டைத் தண்டவாளம் படுக்கிறது. சாந்து குழைத்து மலை எழுப்புகின்றனர். நிறமூட்டிய மரத்தூளால் காடு வளர்கிறது. மின்மாற்றியின் திருகைச் சற்றே திருப்பினால், உள்ளங்கையில் அடங்கும் நீராவி எஞ்சின் ஒன்று ஏழெட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வருகிறது. மாதிரி இரயில்பாதை அமைத்தல் என்னும் இப்பொழுதுபோக்கு மேலைநாட்டிலும் ஜப்பானிலும் வேரூன்றியது. சிங்கப்பூரை அண்டியிருக்கும் ஜொகூரில் அதற்கு வேண்டிய பொருள்களைப் பெறுவது இன்று அரிய செயலன்று. பொறுமையும் கைத்திறனும் கணக்கறிவும் ஒருங்கே வேண்டும் இக்கலையைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவோர், அதைத் தொட்டுப் பாராதவர்.

இக்கலையுள் ஒரு பிரிவு போர்க்கால இரயில்பாதை. பீரங்கி ஏற்றிய தட்டைப் பெட்டிகள், கவசமணிந்த எஞ்சின்கள், படைவீரர் நிற்கும் நிலையங்கள் முதலியன இதன் உறுப்புகள். போர் இரயிலைத் தேர்ந்தெடுக்கும் ஆசியர் பலருக்கும் முதலில் நினைவில் எழுவது ஒரே பாதைதான். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை இட்ட பாதை அது. அதன் பாலத்தைச் செய்கின்றனர், காவற்கோபுரம் நடுகின்றனர், துப்பாக்கி ஏந்திய ஜப்பானியச் சிப்பாய்களை நிறுத்துகின்றனர், இடுப்புத்துணியோடு எலும்பும் தோலுமாய் உழைக்கும் வெள்ளைக்காரக் கைதிகளையும் நிறுத்துகின்றனர். தமிழனை மட்டும் நிறுத்துவதில்லை.

எஞ்சினின் கொதிகலத்தில் எத்தனை தறையாணிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பவர்கள் இவர்கள். நிலக்கரிப் பெட்டியின் எண் பிழையாகிவிட்டால் உறக்கம் கொள்ளாதவர்கள். அத்துணை நுணுக்கம் பேணுவோரின் பலகையில் பல்லாயிரவர் விடுபட்டுப் போவதைக் கைத்தவறு என்று எவ்வாறு கொள்வது?

தவறு பலகையில் தொடங்கவில்லை, திரையில் தொடங்கியது. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952இல் எழுதிய புதினத்தைக் கொண்டு, டேவிட் லீன் 1957இல் 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படத்தை எடுத்தார். ஏழு ஆஸ்கார் விருதுகள் பெற்ற அப்படம் சயாமில் எடுக்கப்பட்டதன்று. இலங்கையில், களனி ஆற்றின் கரையில், கித்துல்கல என்னும் இடத்தில் எடுக்கப்பட்டது. படத்திலே பாலம் மரத்தாலானது. அதிரடிப்படையினர் வெடிவைத்துத் தகர்க்கின்றனர். காஞ்சனபுரிக்கு அருகே தாமர்க்கானில் உண்மையாய் எழுந்த பாலங்களோ இரண்டு. முதலாவது மரப்பாலம், மற்றது சாவகத்திலிருந்து கொணர்ந்த எஃகு வளைவுகளால் ஆனது. 1945இல் அவற்றைத் தாக்கியவை வானூர்திகள். இத்தனை புனைவுகளையும் இன்று ஒவ்வொன்றாய் எடுத்துக்காட்டித் திருத்தும் ஆர்வலர், அப்படத்தின் பெரும் புனைவை மட்டும் தொடாது விட்டுவிட்டனர். வெள்ளையர் கட்டிய பாதை என்பதே அப்புனைவு. மலாயாத் தோட்டத்துத் தொழிலாளி என ஒருவன்கூட அக்கதையில் இல்லை.

உண்மைக் கணக்கு யாது? சயாமில் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தம்புசாயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் தொடங்கிய வேலை, இரு முனைகளிலிருந்தும் வந்து, 1943 அக்டோபர் 17ஆம் நாள் கொன்கொய்த்தாவில் இணைந்தது. எட்டு நாள் கழித்துத் திறப்பு விழா நடந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம் என மதிப்பிடுவர். பர்மியர், சாவகத்தார், மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பல இனத்தாரும் அதில் அடங்குவர். மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் ஏறத்தாழ 78,000 பேர் என்றும், அவருள் ஏறத்தாழ 30,000 பேர் இறந்தனர் என்றும் போருக்குப் பிந்தைய கணக்கு கூறும். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இது பதிவுக்குள் வந்த தொகை. காட்டுக்குள் ஓடி மறைந்தோரும், வழியில் விழுந்தோரும், பெயரே எழுதப்படாதோரும் எத்தொகையில் அடங்குவர்?

ஜொகூர்வாழ் தமிழருக்கு இப்பாதை அயல்நாட்டுக் கதையன்று. 1909இல் கட்டி முடிந்த ஜொகூர் இரயில்பாதை கிம்மாசில் வடக்குப் பாதையோடு சேர்கிறது. 1942 சனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூர்ப் பாலத்தைத் தகர்த்தது. ஜப்பானியர் அதை விரைவிற் செப்பனிட்டனர். பின்னர் சிங்கப்பூரிலிருந்து கைதிகளை அடைத்த சரக்குப் பெட்டிகள் ஜொகூர் பாரு, குளுவாங், சிகாமட் வழியேதான் வடக்கே சென்றன. தோட்டத்து ஆள்களும் இதே தண்டவாளத்தில் இத்தகைய பெட்டிகளில்தான் சென்றனர். இன்னுமொன்று உண்டு. கிம்மாசிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை 1931இல் முற்றுப்பெற்ற கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் நெடுந்தொலைவுக்குப் பெயர்த்தெடுத்து, சயாம் பாதைக்குக் கொண்டு போயினர். மலாயாவின் ஆளும் போயிற்று; மலாயாவின் இரும்பும் போயிற்று. இரும்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டமைப்பாளர் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். ஆள் எங்கிருந்து வந்தான் என்பதற்கு அக்குறிப்பேட்டில் ஒரு வரியில்லை.

அவர்கள் எவ்வாறு சென்றனர் என்பதைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். போர் வந்ததும் பால்மரத்துக்கு விலையில்லாது போயிற்று. ஏற்றுமதி நின்றது, துரைமார் ஓடிவிட்டனர், அரிசிக்கு மாற்றாய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, துணிக்கு மாற்றாய்ச் சாக்கு வந்தது. அந்நிலையில் பெரட்டுக் களத்திலே செய்தி அறிவிக்கப்பட்டது. சயாமில் வேலை, மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி, சோறும் தங்குமிடமும் இலவசம் என்றனர். முதலில் போனவருட் பலர் அச்சொல்லை நம்பிப் போனவர். மூன்று மாதம் கழிந்தும் எவரும் திரும்பாமையால் அடுத்த அழைப்புக்கு ஆள் சேரவில்லை. அதன்பின் அழைப்பு பிடிப்பாயிற்று. இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவை அடைத்துக் கொண்டு போன செய்திகள் உண்டு. சாலையில் வழிமறித்து வண்டியில் ஏற்றிய செய்திகளும் உண்டு. கிராணியும் கங்காணியும் கணக்குக் காட்டவேண்டிய எண்ணிக்கைக்குள் எவன் அகப்பட்டானோ அவன் சென்றான். சில இடங்களில் மனைவியும் பிள்ளையும் உடன் சென்றனர்.

பான் பொங்கில் இறங்கியோர் மேல்முகாம்களை நோக்கிக் காட்டுவழியே பல நாள் நடந்தனர். 1943ஆம் ஆண்டின் பருவமழையோடு வாந்திபேதி வந்தது. போர்க்கைதிகளின் முகாமில் படைமருத்துவர் இருந்தார். கொதிக்கவைத்த நீரையே குடிக்கவேண்டும் என்ற கட்டளை இருந்தது. கட்டளையை நிறைவேற்ற அதிகாரிகளும் இருந்தனர். இறந்தவன் பெயரை எழுத ஓர் ஏடு இருந்தது. தொழிலாளியின் அத்தாப்புக் கொட்டகையில் இவற்றுள் ஒன்றுமே இல்லை. அவ்வாண்டின் நடுவில், கைதிகளுள்ளிருந்தே மருத்துவப் பணியாளரைத் திரட்டி, கே பிரிவு, எல் பிரிவு எனப் பெயரிட்டுத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். அதற்குள் பல முகாம்கள் இடுகாடாகியிருந்தன. மருந்தின்றி, பிணங்களுக்கிடையே, அப்பிரிவினர் ஆற்றிய பணியை நன்றியோடு நினைத்தல் தமிழர் கடன்.

இனி, எதிர்வாதங்கள். இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் மூன்று மறுமொழிகள் கூறக்கூடும். அவற்றுள் ஒன்று மதிப்புக்குரியது. தாமர்க்கான் பாலத்தைக் கட்டியோர் பெரும்பாலும் போர்க்கைதிகளே, ஆகவே பாலத்தில் கைதிகளை நிறுத்துவது சரியே என்பது அது. ஆம், சரியே. 1943இன் தொடக்கத்தில் அவ்விடத்தில் நடந்த வேலையை மட்டும் ஒருவர் அமைப்பாராயின், அவர்மீது குற்றமில்லை. ஆனால் அவர் அத்தோடு நிற்பதில்லையே! பாலத்தின்மேல் எஞ்சினை ஓட்டுகிறார். அதுவும் எந்த எஞ்சினை? ஜப்பானின் காட்டோ நிறுவனம் சிற்றளவிலே செய்து விற்கும் சி-56 வகை எஞ்சினை. அவ்வகையில் 90 எஞ்சின்களை ஜப்பான் தன் 1067 மில்லிமீட்டர்ப் பாதையிலிருந்து எடுத்து, மீட்டர்ப் பாதைக்கு ஏற்றவாறு சக்கரம் மாற்றித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பியது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சரக்கு ஏற்றிய அவ்வண்டியைப் பாலம் கடந்து, மலை சுற்றி, மேட்டுநிலக் காட்டுக்குள் செலுத்துகிறார். அப்படியாயின் அவர் பலகையில் காட்டும் காலம் 1943 அக்டோபருக்குப் பிற்பட்டது. அக்காலத்தில் கைதிகளிற் பெரும்பகுதியினர் கீழ்முகாம்களுக்கு மாற்றப்பட்டுவிட்டனர். பாதையோரம் விறகு வெட்டி எஞ்சினுக்கு அடுக்கியோரும், மழையில் சரிந்த மண்மேட்டைத் திருத்தியோரும், வான்தாக்குதலில் முறிந்த தண்டவாளத்தை மாற்றியோரும் பெருமளவில் ஆசியத் தொழிலாளரே. விறகடுக்கைக் குச்சி குச்சியாய்ச் செய்துவைக்கும் கட்டமைப்பாளர், அதை வெட்டியவனை வைக்க மறுப்பதேன்? தம்முடைய நுணுக்கத்தின் அளவுகோலாலேயே அவர் பலகை பொய் கூறுகிறது.

இரண்டாவது மறுமொழி சான்றில்லை என்பது. புகைப்படங்கள் குறைவு என்பது மெய். அதுவும் தற்செயலன்று; படம் எடுக்கவும் குறிப்பெழுதவும் வாய்ப்பற்றவராய் வைக்கப்பட்டிருந்தோர் படத்தில் இல்லாமற் போவது இயல்பு. ஆயினும் கைதிகளாயிருந்த மருத்துவர்களின் நாட்குறிப்புகளில் தமிழர் முகாம்களைப் பற்றிய பகுதிகள் உள்ளன. உயிரோடு மீண்டவர் கூறிய வாய்மொழிகள் பதிவாகியுள்ளன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் மலேசியத் தமிழ்ப் புதினம் 1993இல் வெளிவந்தது. மலையின் சரிவையும் மரத்தின் இனத்தையும் ஊகத்தால் நிரப்பும் கலைஞர், மனிதனிடம் வந்ததும் ஆவணம் கேட்பது வேடிக்கை.

மூன்றாவது மறுமொழி, இது வெறும் பொழுதுபோக்கு என்பது. பொழுதுபோக்காயின் வட்டமாய் ஒரு கம்பியை இட்டு, ஏதேனும் ஒரு வண்டியை ஓட்டி மகிழலாமே! அப்பாதைக்குச் 'சயாம் பர்மா' எனப் பெயர்ப்பலகை எழுதியவுடன் அது வரலாற்று நூலாகிவிடுகிறது. பார்க்க வரும் பிள்ளை அதை நூலாகவே படிக்கிறான். நூலைப் பத்துப் பேர் புரட்டுமுன், ஓடும் வண்டியை நூறு பேர் சூழ்ந்து நின்று பார்த்துவிடுவர் என்பது கண்காட்சி நடத்திய ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

தமிழர் வீட்டிலிருந்தே எழும் குரல் ஒன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் கடினமானது. "செத்தவர்களை வீட்டுக்குள் வைத்து விளையாடுவதா?" என்று முதியோர் கேட்கின்றனர். சயாமுக்குப் போனவர் பேச்சை எடுத்தாலே வாய்மூடிக்கொண்ட குடும்பங்கள் பல. அம்மௌனத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. எனினும் ஒன்று கேட்கலாம். கல் நட்டு, பெயர் எழுதி, மாண்ட வீரனை ஊர்நடுவே நிறுத்திய மரபு யாருடையது? தொல்காப்பியமும் புறநானூறும் வகுப்பில் நடத்தும் ஆசிரியர் நடுகல்லைத் தேர்வுக்குரிய வினாவாக மட்டும் கற்பித்துவிட்டுப் போகலாமா? காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. புல் வெட்டப்பட்டு, பூச்செடி நடப்பட்டு இன்றும் பேணப்படுகிறது. அதே மண்ணில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்தது 2023ஆம் ஆண்டில்தான். பாதை முடிந்து 80 ஆண்டு கழித்து. எஞ்சினுக்கோ அத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. திறப்பு விழாவில் பங்குகொண்ட சி-5631 என்னும் எஞ்சின் 1979இல் ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டது. தோக்கியோவில், யாசுக்குனி ஆலயத்தைச் சேர்ந்த அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், அது துடைத்து மெருகேற்றி நிறுத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே, பலகையை உடைத்தெறிய வேண்டும் என்பதன்று இங்கே வேண்டப்படுவது. செய்வதை முழுதாய்ச் செய்ய வேண்டும். ஜொகூரில் வாழும் தமிழ் மாணவன் ஒருவன், தந்தையின் துணையோடோ வரலாற்றுக் கழகத்தின் துணையோடோ, இப்பாதையைச் செய்யட்டும். எஞ்சின் விலை மிகுதியென்றால், ஓடாத அட்டை எஞ்சின் போதும். பாலத்தை மட்டும் தேடி ஓடாமல், மேல்நாட்டு முகாம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். நீக்கேயைச் சூழ்ந்த காட்டில் மழைக்காலத்து முகாம் ஒன்று எப்படியிருந்திருக்கும்? மூங்கிற் கழியும் தென்னை ஈர்க்கும் கொண்டு கொட்டகை கட்டலாம். காய்ந்த புல்லால் அத்தாப்பு வேயலாம். சேற்றுக்கு வண்டல் மண்ணையே குழைத்துப் பூசலாம். கடையில் விற்கும் தொழிலாளர் உருவங்கள் ஐரோப்பியரின் தொப்பியும் காற்சட்டையும் அணிந்தவை. நுண்கத்தியால் அவற்றைச் சீவிவிட்டு, சாக்குத்துணிக்குரிய நிறத்தைத் தீட்ட வேண்டும். பெண்ணுருவும் பிள்ளையுருவும் கட்டாயம் வேண்டும்.

எத்தனை உருவங்கள்? இதற்கு மட்டும் கணக்காசிரியரின் துணை வேண்டும். 415 கிலோமீட்டருக்கு மலாயாவினர் 30,000 பேர் இறந்தனர் எனக் கொண்டால், பதினான்கு மீட்டருக்கு ஒருவர். இது மலாயாவினர் மட்டுமே; பர்மியரையும் சாவகத்தாரையும் போர்க்கைதிகளையும் சேர்க்கவில்லை. நூற்றைம்பதில் ஒரு பங்கு என்னும் அளவில் முழுப்பாதையும் இரண்டே முக்கால் கிலோமீட்டர் வரும். எந்த வீட்டிலும் அடங்காது. அவ்வளவில் ஒரு மனிதனின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. பதினான்கு மீட்டர் என்பது ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. ஆறடிப் பலகையின் நேர்க்கோட்டுத் தண்டவாளம் உண்மைப் பாதையில் ஏறத்தாழ 274 மீட்டரைக் குறிக்கும். அந்த ஆறடிக்குள் இறந்த மலாயாவினர் இருபது பேர்.

இருபது உருவங்கள். கண்காட்சி மண்டபத்தில் பார்வையாளன் சுட்டுவிரலால் தொட்டு எண்ணிவிடலாம். வண்டி ஒரு முறை அந்த ஆறடியைக் கடக்கும்போது, ஒவ்வோர் ஒன்பது சென்டிமீட்டருக்கும் ஓர் உருவத்தைக் கடந்து போகும். மெதுவாய் ஓட்டினால் அது பார்ப்பவன் கண்ணுக்குத் தப்பாது. பரிசளிக்கும் நடுவர்கள் எஞ்சினின் எண்ணையும் பாலத்தின் வளைவையும் சரிபார்ப்பதுபோல இவ்வெண்ணிக்கையையும் சரிபார்க்கட்டும். பத்தொன்பது இருந்தால் மதிப்பெண் குறைக்கட்டும். காடும் மலையும் காவற்கோபுரமும் வைத்தபின் இருபதாவது உருவத்துக்கு இடமில்லை என்று மாணவன் வந்து நின்றால், ஒரு மரத்தை எடுத்துவிட்டு அங்கே வைக்கச் சொல்லலாம்.